குர்பானுக்கு ஆகாத கிடாய்

ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கிய பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி, ஊர் நூலகம் நடத்தும் சிறுவர் கதைப் போட்டியில் நடுவர் பதவி. சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு. இவ்வருடம் வந்த கதைகளில் பாதிக்கு மேல் மிருகக் கதைகள். கழுத்துக் குட்டையான ஒட்டகச்சிவிங்கி, ஒற்றைக் காது முயல், ஓடத் தெரியாத மான். முதல் பக்கத்தில் மற்ற மிருகங்கள் அவற்றைக் கேலி செய்கின்றன. இரண்டாம் பக்கத்தில் வெள்ளமோ தீயோ வருகிறது. மூன்றாம் பக்கத்தில் அந்தக் குறையே எல்லோரையும் காப்பாற்றிவிட, காடு கூடி மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றுகிறது. என் உத்தியோக காலம் முழுவதையும் அரசாங்க அலுவலகக் கோவைகளுக்கும் சுற்றுநிருபங்களுக்கும் நடுவே கழித்தவள் நான். இவ்வளவு விரைவாகத் தீர்மானம் நிறைவேற்றிய எந்தச் சபையையும் கண்டதில்லை.

புள்ளிகளைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் எழுதியது, தாராளமாகவே போட்டேன். ஆனால் அந்தக் கட்டுக்குள் ஒரு நொண்டி ஆட்டின் கதையும் இருந்தது. கடைசியில் அந்த ஆட்டுக்கு மாலை போடுகிறார்கள். நொண்டி ஆடு ஒன்றை எனக்கு நேரடியாகத் தெரியும். அதை நொண்டியாக்கியதே நான்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் போகும்போது என் வலது காலில் இளம்பிள்ளை வாதத்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தக் கால் மற்றதைவிட மெலிந்தது, இரண்டு விரற்கடை குட்டை. எங்கள் வீடு கிழக்கிலங்கையில், சாய்ந்தமருதில், தோணாவுக்குக் கிட்ட. கடலுக்குப் போகவேண்டிய தண்ணீர் போக மனமில்லாமல் ஊருக்குள்ளேயே தேங்கிக் கிடக்கும் நீர்க்காலுக்குத்தான் தோணா என்று பெயர். வாப்பா நெல் வியாபாரி. எனக்கு ஏழு வயதாயிருந்தபோது, சவளக்கடைப் பக்கம் நெல் பார்க்கப் போய்த் திரும்பிய ஒரு நாள் சைக்கிளில் சாக்குக்குப் பதிலாக ஒரு கிடாய்க்குட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் விரலால் சுண்ணாம்பு தொட்டு வைத்ததைப்போல ஒரு வெள்ளை. சுட்டியன் என்று பெயர் வைத்தோம்.

"ரெண்டு வயசு நிரம்பினாத்தான் ஆடு குர்பானுக்குக் கூடும். வளத்து எடுப்பம்" என்று வாப்பா அன்றைக்கே உம்மாவிடம் சொன்னார். குர்பான் என்றால் ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துக் கொடுக்கும் பலி. நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு ஒளித்துச் செய்த காரியம் எதுவுமில்லை. விளம்பரப்படுத்திய பிறகு திறக்கும் டெண்டர் கேள்விமனுவைப் போல எல்லாம் வெளிப்படையாகவே நடந்தது. ஆனால் இரண்டு வயது என்பது ஒரு பிள்ளைக்கு முடிவே இல்லாத தவணை. நான் அந்த விளம்பரத்தை வாசித்தும் வாசிக்காதவளாக இருந்துவிட்டேன்.

பின்னேரங்களில் ஆடு மேய்க்கத் தோணாக் கரைக்கு எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களுடைய ஆடுகள் முன்னால் ஓடும். பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். நான் எல்லோருக்கும் பின்னால் அவர்கள் கிளப்பிய புழுதிக்குள் வருவேன். சுட்டியன் பத்தடி ஓடும். பிறகு நின்று, திரும்பிப் பார்க்கும். நான் போய்ச் சேரும்வரை நிற்கும். அன்பினால் நின்றது என்று சொல்லமாட்டேன். என் பாவாடை மடிப்பில் பூவரசம் இலை இருப்பது அதற்குத் தெரியும். ஆனாலும் அந்த ஊரில் எனக்காக நின்ற வேறு ஆளும் இல்லை.

அந்தத் தவணை நிரம்பிய வருடம், ஹஜ்ஜு மாதப் பிறைக்கு முந்திய கிழமை, ஓதும் பள்ளியில் லெப்பை குர்பானின் சட்டங்களைச் சொல்லித் தந்தார். நெடுத்த மனிதர். பிரம்பை மடியில் வைத்துக்கொண்டுதான் கதைப்பார். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒருமுறை பிரம்பு பாயைத் தட்டும். ஒரு கண் தெரியாத ஆடு ஆகாது. வெளியில் தெரிகிற வருத்தக்கார ஆடு, நோய்ப்பட்டது, ஆகாது. எலும்புக்குள் மஜ்ஜையில்லாத அளவுக்கு மெலிந்தது ஆகாது.

"வெளிப்படையான நொண்டி ஆகாது" என்று பிரம்பு தட்டியபோது, பாயில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின.

"லெப்ப, நொண்டி எண்டா எவ்வளவு நொண்டி?" என்று ஒருவன் கேட்டான். அறிவுக்காகக் கேட்டதல்ல.

"மத்த ஆடெல்லாம் மேயப் போகக்குள்ள கூடப் போக ஏலாமப் பின்னுக்கு நிண்டா, அது நொண்டி."

"அப்ப இவ?"

பாய் முழுவதும் சிரித்தது. லெப்பை பிரம்பால் அவனுடைய முதுகில் ஒன்று போட்டுவிட்டு அடுத்த சட்டத்துக்குப் போனார். நான் குர்ஆனின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதுக்குள் ஒரு சூடு ஏறி, இறங்கமாட்டேன் என்றது.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அந்தச் சூட்டுக்குள்ளிருந்து வேறொன்று கிளம்பியது. படலையைத் திறந்ததும் என் அண்ணன், நாங்கள் அழைப்பது காக்கா என்று, சுட்டியனின் முதுகைத் தட்டிக்கொண்டு, "இன்னும் பதினஞ்சி நாள்தான் இவருக்கு. இறைச்சி நல்லாப் புடிச்சிரிக்கி" என்றார். அவருக்குப் பதினான்கு வயது. ஆட்டைச் சாப்பாட்டுக் கோப்பையில் பார்க்கப் பழகியவர். நான் லெப்பையின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டேன்: வெளிப்படையான நொண்டி ஆகாது.

பிற்காலத்தில் எத்தனையோ விதிவிலக்குப் படிவங்களை நான் பார்த்திருக்கிறேன். முதலாவதைக் கண்டுபிடித்தது அன்றைக்குத்தான்.

கண்ணில் குறை செய்ய எனக்குத் தைரியமில்லை. காது அறுந்தாலும் ஆகாது என்று லெப்பை சொல்லியிருந்தார்; ஆனால் காதில் இரத்தம் வரும். கால் மிச்சமிருந்தது. நொண்டுவதில் அந்த ஊரிலேயே நான்தான் நிபுணி. தெருவில் பெடியன்கள் என்னைப்போல நடந்து காட்டுவார்கள். ஒருவனும் சரியாகச் செய்ததில்லை. அவர்கள் காலால் நொண்டுவார்கள். உண்மையான நொண்டி காலில் இல்லை, தோளில் இருக்கிறது. தலை கொஞ்சம் முந்திக்கொண்டு போய், காலுக்காகக் காத்திருக்கும்.

முதலில் சுட்டியனின் முன்னங்காலொன்றில், குளம்பின் இடுக்கில் களிமண் வைத்தேன். உதிர்ந்தது. சிறு கல் வைத்தேன். அது இரண்டு உதறலில் கழற்றி எறிந்தது. மூன்றாவது தடவை, உம்மா சமைக்கும் குசினியிலிருந்து ஒரு புளியங்கொட்டையும், தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூலும் எடுத்தேன். கொட்டையைக் குளம்புப் பிளவுக்குள் அழுத்தி, நூலால் எட்டுச் சுற்றுச் சுற்றி, கறுப்பு மயிருக்குள் முடிச்சை ஒளித்தேன்.

சுட்டியன் ஓரடி வைத்தது. நின்றது. என்னைப் பார்த்தது. மறுபடி நடந்தது. தலை முந்திக்கொண்டு போய், காலுக்காகக் காத்திருந்தது.

என் நடையை நான் முதன்முதலாக வெளியே நின்று பார்த்தது அப்போதுதான். வேலை சரியாக வந்ததற்குச் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இன்னொரு தரம் நடத்திப் பார்க்க மனம் வரவில்லை. நான் போகும்போது ஊர் பார்ப்பது இதைத்தானா?

வெளியில் இருக்கும்போது நூலைக் கட்டுவதும் தனியே இருக்கும்போது அவிழ்ப்பதுமாக நான்கு நாள் ஓடியது. கிடாய் நொண்டுகிறது என்று காக்காதான் முதலில் வாப்பாவிடம் சொன்னார். வாப்பா குனிந்து பார்க்கவில்லை. அவருக்கு நெல்லின் ஈரத்தைப் பல்லில் கடித்துச் சொல்லத் தெரியும், ஆட்டின் காலைப் பற்றித் தெரியாது. தெரியாத விடயத்தில் அதிகாரியிடம் போவதே முறை என்று நினைப்பவர். லெப்பைக்கு ஆள் அனுப்பினார்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு லெப்பை வந்தார். பிரம்பு இல்லை, ஆனால் அவருடைய கை இருந்தது, எனக்கு அதுவே போதுமாயிருந்தது. நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்தக் கொட்டை விழுந்துவிடக் கூடாது என்று எனக்குத் தெரிந்த எல்லா ஓதலையும் ஓதினேன். பொய்க்கு அல்லாஹ்விடம் துணை கேட்கலாமா என்ற கேள்வியும் நடுவில் வந்தது. அதற்கும் பயந்து, ஓதுவதை நிறுத்தினேன். நிறுத்தியதற்கும் பயந்து, மறுபடி தொடங்கினேன்.

"நடத்துங்க" என்றார் லெப்பை.

வாப்பா கயிற்றைப் பிடித்துக் கிணற்றடிவரை நடத்தினார். திரும்பி நடத்தினார். லெப்பை மூன்றாம் தரமும் நடத்தச் சொன்னார். பிறகு வேட்டியை மடக்கிக் குந்தினார். ஆட்டின் தோளிலிருந்து கையை மெல்ல இறக்கினார். முழங்கால்வரை வந்தது. கணுக்கால்வரை வந்தது. கதவின் பலகையை நான் நகத்தால் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் நான்கு விரல் இறங்கினால் நூல்.

கை கணுக்காலில் நின்றது. குளம்பில் சேறும் புழுக்கையும் ஒட்டியிருந்தது. லெப்பை கையை எடுத்துவிட்டு எழும்பினார். ஓர் அரச உத்தியோகத்தர் கள ஆய்வை எந்த இடத்தில் நிறுத்துவார் என்று பிறகு எனக்கு நன்றாகத் தெரிய வந்தது. சேறு தொடங்கும் இடத்தில்.

"வெளிப்படையான நொண்டி. ஆகாது."

"ரெண்டு வருசம் வளத்தது, லெப்ப."

"நான் என்ன செய்யிற? கிதாபுல இரிக்கிறதத்தான் சொல்லலாம். வேற ஒண்டு பாருங்க."

அவர் கைகழுவ உம்மா தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நான் கதவுப் பலகையிலிருந்து நகத்தை எடுத்தேன். சுட்டியன் தப்பிவிட்டது. வாழ்க்கையில் நான் செய்த முதல் மோசடி வெற்றி பெற்றிருந்தது.

அந்த வெற்றி அந்திநேர மஃரிப் வரைக்கும்கூட நிற்கவில்லை. லெப்பை படலையைத் தாண்டியதும் உம்மா கேட்டார்:

"அப்ப இத என்ன செய்யிற? ஆகாதத வெச்சித் தீனி போடவா?"

"இறைச்சிக் கடைக்காரருக்குச் சொல்லி உடுறன். நாளைக்குப் பகல் லுஹருக்கு முன்னம் வந்து கொண்டு போவாரு."

நான் குசினிப் படியில் இருந்துவிட்டேன். குர்பானுக்கு ஆகாது என்றால் கத்திக்கே ஆகாது என்றல்லவா நான் நினைத்திருந்தேன். ஒரு விதிவிலக்கைப் பெறுமுன் அதன் அடிக்குறிப்பை வாசிக்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. குர்பானுக்கென்றால் இன்னும் பத்து நாள் இருந்தது. நான் அதை நாளைக்கு என்று முந்தி வைத்துவிட்டேன்.

அதைவிட மோசமான பயம் ஒன்று அந்தப் படியில் வந்து என் பக்கத்தில் குந்தியது. ஆகாதத வெச்சித் தீனி போடவா. உம்மா அதை ஆட்டைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் போன மாதம் மாமி வந்திருந்தபோது, என்னைக் கண்ணால் காட்டி, "இவளக் கலியாணத்துக்கு ஆர் எடுக்கப் போறாங்க? ஊடு வளவு குடுத்தாலும் காலப் பாப்பாங்களே" என்று சொன்னதும் அதே உம்மாதான், அதே குரலில்தான். எடுக்காத பிள்ளைகளை என்ன செய்வார்கள் என்று நான் அன்றுவரை யோசித்ததில்லை. அன்றைக்கு யோசித்தேன்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் எழும்பி ஆட்டடிக்குப் போனேன். ஒரே வழிதான் தெரிந்தது: கொட்டையை எடுத்துவிட வேண்டும். சுட்டியன் வடிவாக நடப்பதைக் கண்டால் வாப்பா கடைக்காரரைத் திருப்பி அனுப்புவார். பத்து நாள் கிடைக்கும். பத்து நாளில் வேறு ஏதாவது தோன்றும்.

முந்திய நாள் நடந்த கலவரத்தில் நூலை அவிழ்க்க மறந்திருந்தேன். அது தோலுக்குள் இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து அறுத்தேன். கொட்டை வெளியே வந்தது. சுட்டியனைக் கயிற்றில் பிடித்து நடத்தினேன்.

நொண்டியது.

இன்னொரு தரம் நடத்தினேன். தலை முந்திக்கொண்டு போய், காலுக்காகக் காத்திருந்தது. குளம்பிடுக்கு சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. கொட்டை வெளியே வந்துவிட்டது. நொண்டி உள்ளே நின்றுவிட்டது. அல்லாஹ் முழுசாகப் படைத்ததை நான் என்னைப்போல் ஆக்கிவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்தது, பின்னாளில் ஆயிரக்கணக்கான பேர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று செய்தது: மேன்முறையீடு. ஆகாது என்று தீர்ப்புச் சொன்னவரிடமே போய் உண்மையைச் சொல்வது. லெப்பையின் வீடு கடற்கரைப் பக்கம். தோணாக் கரையால் போனால் கண்டுவிடுவார்கள் என்று, மணல் பக்கமாகச் சுட்டியனை இழுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

நானும் மெதுவாகப் போனேன். அதுவும் மெதுவாக வந்தது. முதல் தடவையாக இருவரும் ஒரே வேகத்தில் நடந்தோம். கரைவலை இழுக்கும் இடத்தில் ஓதும் பள்ளிப் பெடியன்கள் இரண்டுபேர் நின்றார்கள்.

"டேய், இஞ்ச பார்றா! நொண்டியும் நொண்டியும் ஊர்வலம் போகுது!"

"எங்ககா போறீங்க ரெண்டு பேரும்? ஓட்டப் போட்டிக்கா?"

வழக்கமாக இதற்கு நான் கல்லெறிவேன். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அப்போதுதான் சைக்கிள் மணி கேட்டது. பின் கேரியரில் சாக்கு மடித்துக் கட்டியிருந்தது. இறைச்சிக் கடைக்காரர் மணலுக்கும் ரோட்டுக்கும் நடுவே எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தார். லுஹருக்கு முன்னம் என்றால் இவ்வளவு நேரத்தோடா?

கவிழ்த்து வைத்திருந்த வள்ளம் ஒன்றின் பின்னால் சுட்டியனை இழுத்தேன். அதன் வாயைக் கையால் பொத்தினேன். அது என் உள்ளங்கையின் உப்பை நக்கியது. சைக்கிள் நின்றது.

"ஆரு மகள் அது? நெல்லுக்காரர்ட புள்ளயா? என்ன தனிய நிக்கிற?"

என் தலை மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"சிப்பி பொறுக்கிறன்."

"ம். உங்கட ஊட்டதான் போறன். வாப்பா இரிக்கிறாரா?"

"ஓம்" என்றேன். என் வாயாலேயே அவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பினேன். சாக்கு ஆடியாடித் தூரப் போனது. அந்தச் சாக்கில் காய்ந்த மண்நிறக் கறைகள் இருந்தன. அவை மண்ணல்ல என்பதை அறிய எனக்குப் படிப்புத் தேவைப்படவில்லை.

லெப்பையின் முற்றத்துக்குள் நுழைந்ததும் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் சாணைக்கல்லை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தார். பெருநாளைக்குப் பாதி ஊருக்கு அறுத்துக் கொடுப்பவர் அவர்தான். வலது பக்கத்தில் ஈரச் சாக்கின்மேல் கத்திகள் வரிசையாக இருந்தன, சிறியதிலிருந்து பெரியதுவரை, மிக ஒழுங்காக. நான் அறுக்கப்படக் கூடாத ஆட்டைக் கத்திகளின் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

"என்ன புள்ள? நேத்துப் பாத்த கிடாயெல்லோ இது?"

நான் சொன்னேன். கொட்டை, நூல், நான்கு நாள், எல்லாம். அழுகையினால் பாதிச் சொற்கள் வெளியே வரவில்லை. வந்த பாதி போதுமாயிருந்தது. லெப்பையின் முகத்தில் எனக்குப் பழக்கமான கோபம் வரவில்லை. வேறேதோ வந்தது. பல வருடம் கழித்து, பிழையான கடிதமொன்றில் கையெழுத்து வைத்துவிட்ட ஒரு மேலதிகாரியின் முகத்தில் அதையே மறுபடி கண்டேன். அது பயம்.

"நான் நேத்து ராவு இஷாவுக்குப் பின்னால பள்ளியில இத உதாரணம் காட்டி எல்லாருக்கும் சொல்லிட்டேனே! ஊரு சிரிக்குமே!" கத்தியைக் கீழே வைத்தார். "நடத்து. நடத்து பாப்பம்."

நடத்தினேன். சுட்டியன் நொண்டியது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் லெப்பை. "நொண்டுது!"

ஓர் ஆடு நொண்டியதற்கு இறைவனைப் புகழ்ந்த மனிதர் அந்தக் கரையில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். முகம் முழுவதும் தெளிந்துவிட்டது.

"நேத்தும் நொண்டிச்சி, இண்டைக்கும் நொண்டுது. நான் சொன்னதில பிழையில்ல. மாத்திச் சொல்ல ஒண்டுமில்ல."

"லெப்ப, கடைக்காரரு வாறாரு. அறுக்கப் போறாரு."

"அது குர்பான் இல்லயே மகள். அது இறைச்சி. குர்பானுக்கு ஆகாதது இறைச்சிக்கு ஆகும்."

அதற்குமேல் அவருக்கு அந்தக் கோவையில் வேலையில்லை. சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்தார். நான் போகவில்லை. போக எனக்குக் கால் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று இரவு முழுவதும் பயந்த கேள்வி, அந்தக் கத்திகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தானாக வெளியே வந்தது.

"அப்ப ஆகாத ஆக்கள என்ன செய்வாங்க?"

லெப்பை நிமிர்ந்தார். முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். மூன்று வருடமாக அவரிடம் ஓதுகிறேன், அன்றைக்குத்தான் பார்த்தார். கையிலிருந்த கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாதவரைப்போல, அதை வேட்டிக்குப் பின்னால் மறைத்தார்.

"மனிசருக்கு அந்தச் சட்டம் இல்ல புள்ள" என்றார். "மனிசருக்கு அது இல்லவே இல்ல. ஆரு உனக்குச் சொன்ன? … போ. உம்மா தேடுவா. ஆட்டுட கால உப்புத் தண்ணில கழுவு."

போதுமான பதில் அல்ல. ஆனால் அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் பிரம்பு இல்லை.

வேறு போக்கிடம் இல்லாததால் வீட்டுக்குத்தான் திரும்பினேன். படலைக்கு வெளியே சைக்கிள் நின்றது. முற்றத்தில் வாப்பாவும் கடைக்காரரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். உம்மா என்னைக் கண்டதும், "எங்கடி போன? ஊரெல்லாம் தேடுறம்! சிப்பி பொறுக்கப் போறவ ஆட்டயும் கொண்டா போற?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கயிற்றை வாங்கினார். கயிறு என் கையைவிட்டுப் போன இடத்தில் ஒரு கோடு எரிந்தது.

அவர் சேற்றில் நிறுத்துகிறவர் அல்ல. நேரே குளம்பைத் தூக்கி, இடுக்கை விரலால் பிரித்து, மணந்து பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இதென்ன, கால் கொதிக்குது! உடம்பெல்லாம் காய்ச்சல். இத அறுத்து வித்தா நாளைக்கு என்ட கடைக்கு ஆரும் வருவானா? ஏலா."

"ஆறினா?" என்றார் வாப்பா.

"ஆற மாசம் செல்லும். அதுக்குள்ள பெருநாள் வந்திரும். பெருநாளோட எல்லா ஊட்டயும் இறைச்சி. ஆரு காசுக்கு வாங்குவான்? பாப்பம், பாப்பம்."

நான் என் உத்தியோக காலத்தில் கேட்ட எல்லா 'பாப்பம்'களிலும் மிகச் சிறந்தது அதுதான். இரண்டு திணைக்களங்களும் பொறுப்பேற்க மறுத்த கோவையாகச் சுட்டியன் முற்றத்தில் நின்றது. அப்படிப்பட்ட கோவைகளுக்கு நீண்ட ஆயுள்.

கடைக்காரர் போன பிறகு வாப்பா தானே குந்தி அந்தக் குளம்பைப் பார்த்தார். வீக்கத்துக்கு மேலே நூல் இறுகிய கோடு, மயிருக்கு நடுவே, வட்டமாக இருந்தது. அதை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். அடிக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் என்னைவிட்டுப் பார்வையை எடுத்து, கிணற்றடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உம்மாவிடம் சொன்னார்:

"இது இஞ்சயே கிடக்கட்டும். இனி ஆகும் ஆகா எண்டு இந்த ஊட்டுல ஒரு கத வேணாம்."

சுட்டியன் அதன் பிறகு ஏழு வருடம் இருந்தது. கால் ஆறியது, நடை முழுதாகத் திருந்தவில்லை. பெரியநீலாவணையிலிருந்துகூட மறியாடுகளைச் சினைக்காகக் கொண்டுவந்து அதனிடம் விட்டுப் போவார்கள். அந்த வேலைக்கு நான்கு காலும் சரியாக இருக்க வேண்டும் என்று எந்தக் கிதாபிலும் இல்லை. அதன் குட்டிகள் நான்கு காலில் துள்ளிக்கொண்டு ஓடின. அவை ஓடுவதைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கும். கதைப் போட்டிக்கு அனுப்புவதானால் இந்த இடத்தில் முடித்திருக்கலாம். மாலையும் போட்டிருக்கலாம்.

ஆனால் குர்பான் கொடுக்காமல் விடமுடியாதே. பெருநாளைக்கு ஐந்து நாள் இருக்கும்போது வாப்பா சொறிக்கல்முனைப் பக்கமிருந்து ஒரு செவலைக் கிடாய் வாங்கி வந்தார். லெப்பை வந்து பார்த்தார். இம்முறை குளம்புவரை பார்த்தார். கண் இரண்டும் சரி. காது முழுசு. பல் விழுந்து முளைத்திருந்தது. நடத்தச் சொன்னார், நடந்தது. ஒரு குறையும் இல்லை என்றார்.

அதைச் சுட்டியனுக்குப் பக்கத்துக் கம்பில் கட்டியிருந்தார்கள். நான் பூவரசம் இலை கொண்டு போகும்போதெல்லாம் அதுவும் கழுத்தை நீட்டும். கொடுக்கவில்லை. இலை சுட்டியனுக்கு, அது வருத்தக்காரன். நெற்றியால் என் முதுகை ஒருமுறை மெதுவாக முட்டியது. "சீ, போ" என்று முகத்தைத் தள்ளிவிட்டேன். அதற்குப் பெயரும் வைக்கவில்லை.

ஒரு பட்டியலில் ஒரு பெயரை வெட்டினால் அடுத்த பெயர் மேலே வரும். இதை எனக்கு எந்தச் சுற்றுநிருபமும் பிறகு சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உத்தியோகத்தில் தினமும் அதை என் கையால் செய்தேன், யாருடைய பெயர் மேலே வந்தது என்று சில நாள் பார்க்காமலும் இருந்தேன். ஒன்பது வயதில் அது விளங்கவில்லை. பதினைந்து நாளாக என்னைத் தின்ற பயம் அந்தப் பெருநாள் காலையில் முற்றிலும் போயிருந்தது. தொழுகை முடிந்து எல்லோரும் வந்தார்கள். புதுச்சட்டை போட்டுக்கொண்டு, சுட்டியனின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பசியோடு நான் பார்த்துக்கொண்டு நின்றேன். காக்கா செவலையின் கயிற்றை அவிழ்த்தார். அது இழுபடவில்லை, கத்தவில்லை. நான்கு காலையும் ஒழுங்காக ஊன்றி, கிணற்றடியைத் தாண்டி, லெப்பை நின்ற பக்கமாகக் காக்காவுக்குப் பின்னால் போனது. என்ன வடிவாக நடக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.